"எனக்கு இசை தெரியாது" என்கிற ரிக் ரூபின் ஸ்டுடியோவில் என்னதான் செய்கிறார்?

2023 ஜனவரியில் அமெரிக்காவின் '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இசை புரொட்யூசர் ரிக் ரூபின் சொன்ன பதில்கள் சமூக ஊடகங்களில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பேட்டி எடுத்தவர் ஆண்டர்சன் கூப்பர். வாத்தியம் வாசிப்பீர்களா? ஏதோ கொஞ்சம். ஒலிகளைக் கலக்கும் மிக்சிங் போர்டை இயக்கத் தெரியுமா? தெரியாது, தொழில்நுட்பத் திறமை கிடையாது, இசை பற்றியும் ஒன்றும் தெரியாது. அப்புறம் எதற்கு உங்களுக்குப் பணம் தருகிறார்கள்? தன் ரசனை மேல் தனக்கு இருக்கும் நம்பிக்கைக்கும், மனதில் படுவதைச் சொல்லத் தெரிந்திருப்பதற்கும்தான் என்றார்.

ராப் இசைத்தட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை 1980-களில் மாற்றியவர்களில் ஒருவர் இதைச் சொல்கிறார். கன்ட்ரி (அமெரிக்க கிராமிய இசை) பாடகர் ஜானி கேஷ், மெட்டல் குழு ஸ்லேயர், ராப்பர் ஜே-இசட், பாப் பாடகி அடெல் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பெயர்களெல்லாம் அவருடைய பட்டியலில் இருக்கின்றன. ஆண்டின் சிறந்த புரொட்யூசருக்கான கிராமி விருதை 2007-லும் 2009-லும் வாங்கியவர். 2025-ல் ஏஐ-யிடம் வாயால் சொல்லியே மென்பொருள் எழுதவைக்கும் 'வைப் கோடிங்' பேச்சு கிளம்பியபோது, கண்ணை மூடி ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் இந்தத் தாடிக்காரரின் படம்தான் அதற்கு மீம் ஆனது.

இந்தக் காணொளியைப் பார்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சிக்கு அவர் ஏமாற்றுக்காரர். இன்னொரு கட்சி, ரசனை இருந்தால் போதும், கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்கிறது. இரண்டுமே தப்புக் கணக்கு. ரூபின் சொன்னது பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிய, முதலில் ஸ்டுடியோவில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒரு ஆல்பத்துக்குப் பின்னால் இருப்பவர்கள்

1. கலைஞர் அல்லது இசைக்குழு. ராக், ராப் இரண்டிலும் பெரும்பாலும் பாட்டை எழுதுவதும் இவர்கள்தான்.

2. சவுண்ட் இன்ஜினியர். எந்த மைக், எங்கே வைப்பது, எவ்வளவு ஒலி ஏற்றுவது என்று பார்த்துப் பதிவு செய்பவர்.

3. மிக்சிங் செய்பவர். தனித்தனியாகப் பதிவான குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாவற்றையும் அளவு பார்த்து ஒன்றாக்குபவர்.

4. மாஸ்டரிங் செய்பவர். மிக்ஸ் ஆன பாடல்களுக்குக் கடைசி மெருகு கொடுத்து, ஆல்பம் முழுவதும் ஒரே சீராக ஒலிக்க வைப்பவர்.

5. புரொட்யூசர். எந்தப் பாட்டு வேண்டும், ஒரே பாட்டைப் பலமுறை பதிவு செய்ததில் எந்த டேக் சரி, எது அதிகப்படி, எப்போது முடிந்தது என்று முடிவெடுப்பவர். சினிமாவில் பணம் போடும் தயாரிப்பாளரைவிட இயக்குநருக்குத்தான் இவர் நெருக்கம். பணம் போடுவது வழக்கமாக இசை நிறுவனம்.

தமிழ் சினிமாப் பாட்டில் மெட்டு, வாத்திய அமைப்பு, ஒலிப்பதிவு மேற்பார்வை எல்லாமே இசையமைப்பாளர் தலையில் விழுந்துவிடும். அதனால் இந்த ஐந்தாவது ஆள் நம் கண்ணில் தனியாகப் படுவதில்லை.

புரொட்யூசர்களிலும் ரகம் உண்டு. பீட்டில்ஸின் ஜார்ஜ் மார்ட்டின் முறையாக இசை படித்தவர். 'யெஸ்டர்டே' பாட்டுக்கு வயலின் வகை வாத்தியங்களின் நால்வர் அணியைக் கொண்டுவந்தது அவர்தான். ராப் இசையின் டாக்டர் ட்ரே தாளத்தைத் தானே கட்டித் தருபவர். ரூபின் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம். ஆனால் ஆரம்பத்திலேயே அப்படி இருந்தாரா என்றால், இல்லை.

1984: ஒரு ஹாஸ்டல் அறை

1963-ல் பிறந்து, நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வளர்ந்தவர் ரூபின். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது 'ஹோஸ்' என்ற பங்க் குழுவில் கிட்டார் வாசித்தார். இரவானால் ஹிப்-ஹாப் நடக்கும் கிளப்புகளுக்குப் போவார். அங்கே அவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கிளப்பில் டிஜே இசைத்தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிளை வைத்து ஒரு பழைய இசைத்தட்டின் டிரம்ஸ் பகுதியை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டுவார், அதன்மேல் ஒருவர் ராப் சொல்வார். கடையில் கிடைத்த ராப் இசைத்தட்டுகளிலோ அந்த முரட்டுத்தனம் இல்லை. 1979-ல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டுக்கே ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் 'குட் டைம்ஸ்' என்ற டிஸ்கோ பாட்டின் இசையைத் திரும்ப வாசித்தார்கள். அதன் நீண்ட வடிவம் 14 நிமிடத்துக்கும் மேலே ஓடும்.

கிளப்பில் கேட்டதை அப்படியே தட்டில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் ரூபினின் முதல் திட்டம். 1984-ல் அவர் புரொட்யூஸ் செய்த, டி லா ராக், ஜாஸி ஜே இருவரின் 'இட்ஸ் யுவர்ஸ்' வந்தது. டிரம் மெஷின், ஸ்கிராட்ச் (தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து எழுப்பும் சத்தம்), குரல், அவ்வளவுதான். தட்டின் மேலேயே 'டெஃப் ஜாம்' என்று ரூபின் தன் நிறுவனத்துக்கு வைத்த பெயரும் அவருடைய ஹாஸ்டல் முகவரியும் இருந்தன. முகவரியைப் பார்த்துப் பையன்கள் தாங்கள் மாதிரிக்குப் பாடிப் பதிவு செய்த டெமோ கேசட்டுகளை அனுப்பினார்கள். அறையில் குவிந்த அந்தக் கேசட்டுகளுக்குள்தான் எல்எல் கூல் ஜே என்ற 16 வயதுப் பையனின் குரல் இருந்தது. கண்டெடுத்தவர் ரூபின்கூட இல்லை. அறைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவின் ஆடம் ஹோரோவிட்ஸ். அதே ஆண்டு ராப் குழுக்களின் மேலாளரான ரஸ்ஸல் சிமன்ஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு டெஃப் ஜாமை முறையான நிறுவனமாக்கினார் ரூபின்.

1985-ல் கூல் ஜேயின் 'ரேடியோ' ஆல்பம் வெளியானது. அதன் அட்டையில் புரொட்யூசர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ரிக் ரூபினால் குறைக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி போட்டிருந்தார்கள். 22 வயசுக் குறும்புதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த நாற்பது வருட வேலைக்கும் அதைவிடச் சரியான வரி கிடைக்காது.

குறைத்தது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ராப்புக்குச் சரணம், பல்லவி என்ற கட்டுக்கோப்பையும் அவர் கொண்டுவந்தார். நீளமாகப் பேசிக்கொண்டே போகும் வடிவம் மாறி, மூன்று நான்கு நிமிடத்துக்குள் முடியும் பாட்டு ஆனது. ரேடியோவில் போட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

'ஒன்றும் தெரியாது' என்பது எங்கே இடிக்கிறது என்று இப்போது தெரிகிறதா? பங்க் குழுவில் வாசித்தவர், டிரம் மெஷினில் தாளம் அமைத்தவர், எந்த இசைத்தட்டின் எந்தத் துண்டு எதோடு பொருந்தும் என்று நினைவில் வைத்திருந்தவர். 1986-ல் வந்த பீஸ்டி பாய்ஸின் 'லைசன்ஸ்ட் டு இல்' ஆல்பத்தின் முதல் பாட்டில் லெட் செப்பலினின் டிரம்ஸும் பிளாக் சப்பாத்தின் கிட்டாரும் ஒன்றாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அதைச் செய்ய சுரம் எழுதத் தெரிய வேண்டாம். ஆயிரம் தட்டு கேட்ட காது வேண்டும். அமெரிக்காவின் ஆல்பத் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பம் அதுதான்.

இப்படிக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்து ஒட்டுகிற காலம் சீக்கிரமே முடிந்தது. 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப்பருக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதியும் பணமும் தேவைப்பட்டன. அதே ஆல்பத்தை இன்று அதே மாதிரி செய்தால் கணக்கு கட்டுபடியாகாது.

'வாக் திஸ் வே'

ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவினர் ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் 1975-ம் ஆண்டுத் தட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் 'வாக் திஸ் வே' பாட்டின் தொடக்க டிரம்ஸை மட்டும் ஓட்டி அதன்மேல் ராப் சொல்வார்கள். குரல் வருவதற்குள் ஊசியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். முழுப் பாட்டையும் பாடுங்கள் என்றார் ரூபின். வரிகளைக் கேட்ட குழுவின் ராப்பர்கள் ரன்னுக்கும் டிஎம்சிக்கும் அறவே பிடிக்கவில்லை. 1986 மார்ச்சில் ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலரும் ஜோ பெர்ரியும் ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தார்கள். பாட்டு, தனிப்பாடல்களின் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் 4-ம் இடம் வரை போனது. ஏரோஸ்மித்தின் மூலப் பாட்டு எட்டிய உயரம் 10-ம் இடம்தான்.

இது டெஃப் ஜாம் வெளியீடு என்று பலர் எழுதுகிறார்கள். இல்லை, புரொஃபைல் ரெக்கார்ட்ஸ். சிமன்ஸும் ரூபினும் புரொட்யூசர்களாக மட்டும் இருந்தார்கள்.

இதனால் நடந்தது என்ன? ராக் மட்டுமே ஒலித்த வானொலிகளில் ராப் உள்ளே நுழைந்தது, இசைத் தொலைக்காட்சியான எம்டிவியிலும் அதற்கு அழுத்தமான இடம் கிடைத்தது. ஓய்ந்து கிடந்த ஏரோஸ்மித்துக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. ராக் கிட்டாரும் ராப்பும் கலந்த ஒரு தனி வகையே பின்னாளில் கிளைத்தது. அதில் நல்லதும் உண்டு, காது கொடுத்துக் கேட்க முடியாததும் உண்டு.

ஸ்லேயர்: எதிரொலியை எடுத்துவிட்டால்?

அதே 1986-ல், அதே மனிதர், ஸ்லேயர் என்ற மின்னல் வேக மெட்டல் குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' ஆல்பத்தையும் செய்தார். இங்கே ஒரு தொழில்நுட்பச் சொல் தேவைப்படுகிறது: ரிவெர்ப். பெரிய மண்டபத்தில் கை தட்டினால் சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்குமே, அதைச் செயற்கையாகச் சேர்ப்பது. 80-களின் மெட்டல் தட்டுகளில் இதைத் தாராளமாக ஊற்றுவார்கள். பிரம்மாண்டமாகக் கேட்கும் என்று.

மெதுவான பாட்டுக்கு அது சரி. ஸ்லேயர் வாசிக்கும் வேகத்தில், முதல் அடியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த மூன்று அடிகள் விழுந்துவிடும். எல்லாம் கலங்கிச் சேறாகிவிடும். ரூபினும் இன்ஜினியர் ஆண்டி வாலஸும் ரிவெர்பை ஏறக்குறைய முழுக்கவே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு அடியும் முகத்துக்கு நேரே, காய்ந்து, தனித்தனியாக விழுகிறது. 10 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். ஆல்பத்தின் அட்டைப்படத்தையும், நாஜி மருத்துவர் மெங்கலே பற்றிய முதல் பாட்டையும் பார்த்துவிட்டு, டெஃப் ஜாமின் விநியோகஸ்தரான கொலம்பியா கையை விரித்தது. கெஃபன் நிறுவனம்தான் வெளியே கொண்டுவந்தது.

முடிவு ரூபினுடையது என்றே வைத்துக்கொள்வோம். அதை ஒலியாக்கிக் காட்டியது வாலஸின் கை. பின்னால் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்தை மிக்ஸ் செய்தவரும் இதே வாலஸ்தான். 'மிக்சிங் போர்டு தெரியாது' என்று ரூபின் தைரியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், போர்டு தெரிந்தவர்களில் முதல் வரிசை ஆட்கள் எப்போதும் அவர் பக்கத்தில் இருந்ததுதான்.

ஜானி கேஷ்: இரண்டாவது வாழ்க்கை

1988-ல் டெஃப் ஜாமை விட்டுப் பிரிந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார் ரூபின். அங்கே தொடங்கிய நிறுவனம்தான் பிற்பாடு 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ஆனது. 1991-ல் லாரல் கேன்யனில் உள்ள ஒரு பழைய மாளிகையில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவைத் தங்கவைத்து 'பிளட் சுகர் செக்ஸ் மேஜிக்' ஆல்பத்தைச் செய்தார். பாடகர் ஆண்டனி கீடிஸின் நோட்டைப் புரட்டும்போது ஒரு கவிதை ரூபினின் கண்ணில் பட்டது. இது நம்ம குழுவுக்கு ஒத்துவராது என்று கீடிஸ் ஒதுக்கி வைத்திருந்த கவிதை. குழுவிடம் பாடிக் காட்டச் சொன்னார். அதுதான் 'அண்டர் த பிரிட்ஜ்'. ஹாட் 100-ல் 2-ம் இடம் வந்தது.

ரூபினின் வேலையை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கேஷிடம்தான் போக வேண்டும். 1950-களில் தொடங்கி கன்ட்ரி இசையின் மாபெரும் குரலாக இருந்த ஜானி கேஷை 1986-ல் கொலம்பியா கழற்றிவிட்டது. அடுத்துப் போன மெர்க்குரி நிறுவனத்திலும் எதுவும் எடுபடவில்லை. இந்த நிலையில் 1993-ல், ராப்பும் மெட்டலும் செய்துகொண்டிருந்த ஒரு தாடிக்காரர் வந்து ஒப்பந்தம் பேசுகிறார்.

தன் வீட்டு வரவேற்பறையில் கேஷை உட்காரவைத்தார் ரூபின். உங்களுக்குப் பிடித்த பாட்டெல்லாம் பாடுங்கள், அவ்வளவுதான். தேவாலயப் பாட்டு, கௌபாய் பாட்டு, சின்ன வயசில் கேட்டது, எல்லாம் ஒற்றைக் கிட்டாரோடு பதிவாகின. இது வெறும் டெமோ என்றுதான் தொடங்கினார்கள். வாத்தியக் குழுவை வைத்தும் முயன்று பார்த்தார்கள். கடைசியில் டெமோவைவிட எதுவும் நன்றாக இல்லை என்று தெரிந்தது. 1994-ல் 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' ஆல்பம் அப்படியே வெளிவந்தது. அறுபதைத் தாண்டிய குரல், அந்த வயதை மறைக்க ஒரு வயலின்கூட இல்லை. சிறந்த சமகால நாட்டுப்புற இசை ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது.

இந்த வரிசையின் நான்காவது ஆல்பத்தில், 2002-ல், 'ஹர்ட்' வந்தது. நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் 1994-ல் எழுதிய பாட்டு; கேஷிடம் கொண்டுபோனவர் ரூபின். மலத்தால் ஆன கிரீடம் என்று மூலத்தில் வரும் இடத்தைக் கேஷ் முட்கிரீடம் என்று மாற்றிப் பாடினார். ஒரு சொல்தான். போதை இளைஞனின் சுய வெறுப்பு, விசுவாசியான ஒரு முதியவரின் பாவக் கணக்காக மாறிவிட்டது. இசையையும் கவனியுங்கள். தொடக்கத்தில் கிட்டாரும் குரலும்தான். போகப்போக பியானோவில் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். அது ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் குரலையே மூழ்கடிக்கப் பார்க்கிறது. முன்னால் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டதால்தான் அந்த ஒற்றைச் சேர்க்கை அவ்வளவு பாரமாக விழுகிறது. இனி அது தன் பாட்டு இல்லை என்று ரெஸ்னரே சொன்னார். 2003 செப்டம்பரில் கேஷ் இறந்தார். அவர் பாடிவைத்துப் போன குரலுக்கு இசை சேர்த்து 2006-ல் வந்த ஐந்தாவது ஆல்பம் பில்போர்டில் முதலிடம் பிடித்தது.

அப்படியானால் அவர் செய்வது என்ன?

இத்தனை பாட்டிலிருந்தும் திரட்டினால் மூன்று வேலைகள் தேறுகின்றன.

1. ஸ்டுடியோவுக்குப் போகும் முன்பே பாட்டைத் தீர்மானிப்பது. நிறைய எழுதவைத்து, பெரும்பாலானவற்றைத் தள்ளுவது. வெறும் கிட்டாரோடு பாடினால் நிற்கிறதா என்பதே சோதனை.

2. எடுத்துவிடுவது. 2013-ல் ராப்பர் கான்யே வெஸ்ட் 'யீஸஸ்' ஆல்பம் வெளிவரச் சில வாரங்களே இருந்தபோது மூன்றரை மணி நேர இசையோடு ரூபினிடம் வந்தார். வெளிவந்தது 40 நிமிடம்.

3. முகத்துக்கு நேரே சொல்வது. புகழ் ஏறிய கலைஞரிடம் 'இது நன்றாக இல்லை' என்று சொல்லச் சம்பளத்துக்கு இருப்பவர் எவரும் துணியமாட்டார். ரூபின் சொல்வார், அவர்கள் கேட்பார்கள்.

மூன்றாவதைப் பற்றிப் பேட்டிகளில் யாரும் கேட்பதில்லை. அந்தச் சொல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? முதல் நாளிலிருந்தே அவர் கையில் சொந்த நிறுவனம் இருந்தது. கேஷின் வெறும் கிட்டார் ஆல்பத்தை இன்னொரு நிறுவனத்தின் விற்பனை அதிகாரியிடம் கொண்டுபோயிருந்தால், டிரம்ஸ் எங்கே என்று கேட்டிருப்பார். ரசனையோடு, அதை நிறைவேற்றும் அதிகாரமும் கூடவே இருந்தது. வைப் கோடிங் ஆட்கள் ரூபின் படத்தை மாட்டிக்கொள்ளும்போது விட்டுவிடுவது இதைத்தான், ஆண்டி வாலஸையும்தான்.

எங்கே உதைக்கிறது

இந்த முறைக்கு விலையும் உண்டு. 2004-ல் இவரோடு ஆல்பம் செய்த ஸ்லிப்நாட் குழுவின் பாடகர் கோரி டெய்லர், ஆளை ஸ்டுடியோவில் பார்ப்பதே அபூர்வம் என்று பின்னால் வெளிப்படையாகக் கொட்டித் தீர்த்தார். அடெல் தன் '21' ஆல்பத்துக்காக ரூபினோடு பல பாட்டுகளைப் பதிவு செய்தார். ஆல்பத்தில் இடம்பிடித்தவை நான்குதான்.

பெரிய அடி 2008-ல் விழுந்தது. மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' ஆல்பம். ஒரு பாட்டில் மெதுவான இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைத்து, எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தள்ளினால், முதல் முறை கேட்கும்போது சக்தியாகத் தெரியும். எல்லை தாண்டினால் ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, டிரம்ஸ் விழும் இடமெல்லாம் கரகரக்கும். காதும் களைத்துவிடும். இந்த ஆல்பத்தில் அதுதான் நடந்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமில் அந்த நசுக்கல் இல்லாமல் வந்திருந்தன. ஒப்பிட்டுக் கேட்ட ரசிகர்கள் கொதித்துப் போய், ஆல்பத்தைத் திரும்ப மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வரும்போதே ஒலி அப்படித்தான் நசுங்கியிருந்தது என்றார்.

பாட்டுகளைப் பொறுத்தவரை, பழைய பாணிக்குத் திரும்புங்கள் என்று ரூபின் சொன்ன யோசனை நன்றாகவே வேலை செய்தது. பழைய வேகமும் நீளமும் திரும்பியிருந்தன. ஒலி கெட்டதற்கு யார் பொறுப்பு என்றால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். போர்டைத் தொடாத புரொட்யூசரிடம் இந்த ஓட்டை எப்போதும் இருக்கும்.

மெட்டாலிகாவின் அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் 2016-ல் வந்தது. ரூபினைக் கூப்பிடவில்லை, 'டெத் மேக்னெட்டிக்' மிக்சிங்கில் உட்கார்ந்திருந்த கிரெக் ஃபிடெல்மனையே புரொட்யூசராக வைத்துக்கொண்டார்கள். அதே 2016-ல் சில்லி பெப்பர்ஸும் ரூபினை விட்டு டேஞ்சர் மவுஸ் என்பவரோடு ஒரு ஆல்பம் செய்தார்கள். 2022-ல் அவர்கள் ரூபினிடமே திரும்பி வந்து, ஒரே ஆண்டில் இரண்டு ஆல்பம் வெளியிட்டார்கள்.